தொங்கும் மணிக்கட்டும் காத்திருக்கும் மருத்துவமும்: மேற்கை எலும்பு முறிவுசார் ஆரை நரம்புக் காயங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மேற்கை எலும்பின் தண்டுப்பகுதி முறியும்போது அதனை ஒட்டிச் செல்லும் ஆரை நரம்பும் ஊறுபடுவதுண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த இயலாமல் கை தொங்கிப்போவது இக்காயத்தின் வெளிப்படையான அறிகுறியாகும். இந்நிலையில் நரம்பு தானே மீளும் வரை காத்திருப்பதா, உடனே கையைத் திறந்து பார்ப்பதா என்னும் வினா ஒன்றரை நூற்றாண்டாக மருத்துவரிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது. இவ்விவாதத்தின் வரலாற்றைப் பண்டைக்காலம் முதல் 2020 வரை இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் வெவ்வேறு தரத்துக் காயங்கள் மறைந்திருக்கக்கூடும் என்ற அறிவே காத்திருத்தலுக்கு அறிவியல் அடிப்படை தந்தது என்பதும், எந்த வகை நோயாளிகளிடமிருந்து சான்றுகள் திரட்டப்பட்டன என்பதற்கேற்பவே மருத்துவ முடிவுகள் மாறிவந்தன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மேற்கை எலும்பு, ஆரை நரம்பு, மணிக்கட்டுத் தொங்கல், நரம்பு மீள்வளர்ச்சி, தசைநாண் இடமாற்றம், மருத்துவ வரலாறு

முன்னுரை

எலும்பு முறிவு கண்ணுக்குப் புலனாகும் காயம். கை வளைந்து நிற்கும், வீங்கும், தொட்டால் வலிக்கும். எக்ஸ்ரே வந்த பின்னர் முறிந்த இடத்தையும் முறிந்த விதத்தையும் படமாகவே காண முடிந்தது. நரம்பின் காயம் அத்தகையதன்று. அது நிகழ்ந்த இடம் ஒன்று. அதன் விளைவு தோன்றும் இடம் வேறு. புயத்தின் நடுவில் நரம்பு நசுங்கினால் செயலிழப்பது மணிக்கட்டும் விரல்களுமே. நரம்பு முழுதாக அறுந்திருந்தாலும், சற்றே நசுங்கியிருந்தாலும் முதல் நாளில் கை தொங்கும் விதம் ஒன்றாகவே இருக்கும்.

இவ்வேறுபாட்டை வெளியிலிருந்து அறிய இயலாமையே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். அறுந்த நரம்பு தானே பொருந்தாது. அதற்காகக் காத்திருந்தால் காலம் வீணாகும். ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நரம்புத் தொடர்பின்றிக் கிடக்கும் தசை, பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் பழைய ஆற்றலைப் பெறுவது அரிது. மாறாக, நசுங்கிய நரம்பு பெரும்பாலும் தானே மீளும். அதற்காகக் கையைத் திறப்பது தேவையற்ற அறுவையாகும். இவ்விரு இழப்புகளுக்கும் இடையே மருத்துவம் எவ்வாறு வழிகண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எலும்பும் நரம்பும்: உடற்கூற்று அடிப்படை

தோள்மூட்டையும் முழங்கை மூட்டையும் இணைப்பது மேற்கை எலும்பு. மூன்று பெரிய நரம்புகள் இதன் வெவ்வேறு இடங்களில் எலும்புக்கு மிக அருகே செல்கின்றன. எலும்பின் மேற்கழுத்தை அக்குள் நரம்பும், தண்டின் பின்புறத்தை ஆரை நரம்பும், முழங்கையின் உட்புற முகட்டை அரந்தி நரம்பும் ஒட்டிச் செல்கின்றன. எனவே எலும்பு முறிந்த இடத்தைக் கொண்டே எந்த நரம்பு ஊறுபட்டிருக்கக்கூடும் என ஊகிக்கலாம். குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவில் நடு நரம்பும், குறிப்பாக அதன் முன்புறக் கிளையும், பாதிக்கப்படுவதுண்டு. சிறுவயதில் முழங்கை முறிந்து, மூட்டு கோணலாகச் சேர்ந்து, பல்லாண்டுகள் கழித்து அரந்தி நரம்பு மெல்லச் செயலிழப்பதும் உண்டு. இத்தகைய தாமதச் செயலிழப்பைப் பிரான்சின் பனாஸ் 1878இல் விளக்கினார்.

இவற்றுள் தண்டு முறிவும் ஆரை நரம்புக் காயமும் சேர்ந்து வருவதே வரலாற்றில் மிகுதியாக விவாதிக்கப்பட்டது. ஆரை நரம்பு அக்குளிலிருந்து புறப்பட்டு, எலும்பின் பின்புறமாகச் சாய்வாகச் சுற்றி, வெளிப்பக்கத் தசையிடைத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு முன்புறம் வருகிறது. துளைக்கும் அவ்விடத்தில் நரம்பு எளிதில் விலகி இடங்கொடுக்க முடிவதில்லை. எலும்பின் கீழ்த்துண்டு இடம்பெயர்ந்தால் நரம்பு அங்கு இழுபடும். சில வேளை முறிந்த முனைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும்.

ஆரை நரம்பு எலும்பின் சுருள் பள்ளத்தில் நேரடியாகப் படிந்து செல்கிறது என்பதே நெடுங்காலம் பாடநூல்களின் கூற்றாக இருந்தது. விட்சன் 1954இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பகுதித் தொலைவுக்கு நரம்புக்கும் எலும்புக்கும் இடையே தசைநார்கள் மெத்தைபோல் அமைந்துள்ளன என்று காட்டியது. 1996இல் ஜெர்வின், ஹாட்ச்கிஸ், வைலண்ட் ஆகியோர் இந்நரம்பின் வழியை அளந்து உரைத்தனர். முழங்கையின் உட்புற முகட்டிலிருந்து ஏறத்தாழ 20.7 சென்டிமீட்டர் உயரத்தில் எலும்பின் பின்புறத்தை அடையும் நரம்பு, வெளிப்புற முகட்டிலிருந்து ஏறத்தாழ 14.2 சென்டிமீட்டர் உயரத்தில் அதனைக் கடந்து முடிக்கிறது என்பது அவர்தம் அளவீடு.

முத்தலைத்தசைக்குச் செல்லும் கிளைகள் பெரும்பாலும் மேலேயே பிரிந்துவிடுவதால், தண்டு முறிவில் முழங்கையை நீட்டும் ஆற்றல் பொதுவாகக் குன்றுவதில்லை. மணிக்கட்டை நிமிர்த்தல், விரல்களை அடியிலிருந்து நீட்டல், கட்டைவிரலை விரித்தல் ஆகியவையே இழக்கப்படுகின்றன. பிடிக்கும் தசைகளுக்கு ஆரை நரம்போடு தொடர்பில்லை. ஆயினும் மணிக்கட்டு நிமிர்ந்து நிற்காதபோது பிடியும் தளர்ந்துவிடும். கருவி பிடித்து உழைப்பவருக்கு இது பிழைப்பையே பறிக்கும் குறைபாடாகும்.

நரம்பு என்னும் சொல்லும் பண்டை அறிவும்

பொது ஆண்டுக்கு முன் ஏறத்தாழ 1600இல் படியெடுக்கப்பட்ட எகிப்தியச் சுவடியான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், 48 காயங்களை வரிசைப்படுத்தி விளக்குகிறது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் இதனை 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். மேற்கை எலும்பு முறிவுகளும் இதில் இடம்பெறுகின்றன. நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து, தோள்களை விரித்து, முறிந்த எலும்பை இழுத்துப் பொருத்தி, துணியாலான சிம்புகளை வைத்துக் கட்டும் முறை அதில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. புறத்தே புண் உண்டா, இல்லையா என்பதைக் கொண்டு முறிவுகளை வேறுபடுத்தும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. நாலாயிரம் ஆண்டுகளை நெருங்கும் இவ்வேறுபாடு இன்றைய விவாதத்திலும் மையமாக நிற்பதைப் பின்னர்க் காணலாம்.

நரம்பைத் தனி உறுப்பாக இனங்காண மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. இதற்கு மொழியே சான்று. கிரேக்கத்தில் 'நியூரோன்' என்னும் சொல் முதலில் தசைநாணையும் நாண்கயிற்றையும் குறித்தது. தமிழிலும் நரம்பு என்பது யாழின் தந்தியைக் குறித்தது. குருதிநாளத்தையும் தசைநாணையும் அச்சொல்லாலேயே சுட்டும் வழக்கு உண்டு. குருதிநாளத்தில் ஏற்றும் ஊசியை 'நரம்பு ஊசி' என்று இன்றும் பேச்சுவழக்கில் கூறுவர். இழைபோல் நீண்டு வெண்மையாய்த் தோன்றும் உறுப்புகளை ஒரே பெயரால் வழங்கியது இரு மொழிகளுக்கும் பொதுவான இயல்பாகும். பொது ஆண்டுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ், எராசிஸ்ட்ராட்டஸ் ஆகியோர் செய்த உடற்கூற்று ஆய்வுகளே நரம்பைத் தசைநாணிலிருந்து பிரித்து அறிய வழிவகுத்தன.

பொது ஆண்டு 2ஆம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த காலன் பதிவுசெய்த ஒரு நிகழ்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பாசானியாஸ் என்னும் சொற்பொழிவாளருக்குக் கைவிரல்களில் உணர்ச்சி குன்றியது. பிற மருத்துவர்கள் விரல்களிலேயே மருந்திட்டுவந்தனர். அவர் வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகில் அடிபட்டதை விசாரித்து அறிந்த காலன், காயம் கழுத்தின் கீழ்ப்பகுதியில் நரம்பு புறப்படும் இடத்தில் உள்ளது எனக் கணித்து அங்கு மருத்துவம் செய்தார். அறிகுறி தோன்றும் இடத்தைக் காயத்தின் இடமாகக் கொள்ளலாகாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் கிடைக்கும் தொன்மையான தெளிவான சான்றுகளுள் இது ஒன்று.

அறுந்த நரம்பு வளருமா?

காத்திருந்தால் நரம்பு மீளும் என்று கூறுவதற்கு, நரம்பு மீளக்கூடியது என்பது முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இது ஐயத்துக்குரியதாகவே இருந்தது. இலண்டனில் வில்லியம் குருக்‌ஷாங்க் 1776இல் நாய்களின் நரம்புகளைத் துண்டித்து, துண்டுகளுக்கு இடையே புதிய பொருள் வளர்ந்து இணைப்பதைக் கண்டார். அவருடைய கட்டுரை 1795இல்தான் அச்சேறியது. அவ்வாறு வளர்ந்தது செயற்படும் நரம்புதானா, வெறும் தழும்பா என்ற வினாவுக்கு அதே 1795இல் ஜான் ஹைட்டன் விடை தந்தார். இருபுறத்து அலையும் நரம்புகளையும் ஒருசேரத் துண்டித்தால் நாய் இறந்துவிடும். ஒன்றைத் துண்டித்து, சில வாரங்கள் கழித்து மற்றொன்றைத் துண்டித்தபோது நாய் பிழைத்தது. நெடுங்காலம் கழித்து இரண்டையும் மீண்டும் ஒருசேரத் துண்டித்ததும் அது இறந்தது. இடையில் வளர்ந்தது செயற்படும் நரம்பே என்பது இதனால் உறுதியாயிற்று.

1850இல் அகஸ்டஸ் வாலர், தவளையின் நாக்கு நரம்புகளைத் துண்டித்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். துண்டிப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதியிலுள்ள நரம்பிழைகள் சிதைகின்றன. மேற்பகுதி அவ்வாறு சிதைவதில்லை என்று கண்டார். நரம்பிழை தன் உயிரணுவைச் சார்ந்தே வாழ்கிறது என்பதும், மீள்வளர்ச்சி மேலிருந்து கீழ்நோக்கியே நிகழும் என்பதும் இக்கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்த கருத்துகள். மீட்சிக்குக் காலமும் தொலைவும் உண்டு என்ற எண்ணத்துக்கு இதுவே வித்திட்டது.

மின்சாரமும் அறுவையும்: 19ஆம் நூற்றாண்டு

மணிக்கட்டுத் தொங்கல் 19ஆம் நூற்றாண்டு மருத்துவருக்குப் புதியதன்று. வண்ணம் பூசுவோர் முதலியோருக்கு ஈய நஞ்சால் வரும் கைத்தளர்ச்சியை டாங்கெரல் டி பிளான்ஷ் 1839இல் விரிவாக எழுதியிருந்தார். ஒரே தோற்றம் ஈயத்தாலும் வரலாம். எலும்பு முறிவாலும் வரலாம். கையை மடக்கி அதன்மேல் தலைவைத்து ஆழ்ந்து உறங்குவதாலும் வரலாம். ஆதலின் தோற்றத்துக்கு அப்பால் சென்று சோதிக்கும் தேவை எழுந்தது.

அத்தேவையை மின்சாரம் நிறைவுசெய்தது. பாரிசில் டுஷேன், தோலின்மேல் மின்முனைகளை வைத்துத் தசைகளைத் தனித்தனியே தூண்டும் முறையை வளர்த்து 1855இல் நூலாக்கினார். செர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், நரம்புத் தொடர்பை இழந்த தசை இருவகை மின்னோட்டங்களுக்கும் வேறுவேறாக எதிர்வினை தருவதை 1860களின் இறுதியில் வரையறுத்தார். நரம்பைக் கண்ணால் காணாமலேயே அதன் நிலையைத் தசையின் வாயிலாக அறியும் முதல் வழி இவ்வாறு பிறந்தது.

அறுவை மருத்துவமும் இதே காலத்தில் முன்னேறியது. முறிந்த எலும்பைச் சுற்றி வளரும் கூட்டெலும்புக்குள் ஆரை நரம்பு சிறைப்பட்டுவிடுவதுண்டு. பிரான்சின் லியோன் நகரத்து லியோபோல்ட் ஒல்லியே, அவ்வாறு சிக்கிய நரம்பை 1860களில் விடுவித்தார். எனினும் அக்காலத்தில் தோல் கிழியாத முறிவைக் கத்தியால் திறப்பது, பாதுகாப்பாக இருந்த காயத்தைச் சீழ்ப்பிடிக்கும் காயமாக மாற்றுவதாகும். லிஸ்டர் 1867இல் கிருமிநீக்க அறுவை முறையை வெளியிட்ட பின்னரே இவ்வச்சம் படிப்படியாகக் குறைந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர் காத்திருந்தது அறிவால் அன்று, அச்சத்தால். காத்திருத்தலின் தன்மை பிற்காலத்தில் மாறியதை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

போர்களும் நரம்பு மருத்துவமும்

நரம்புக் காயங்களைப் பெருந்தொகையாக ஓரிடத்தில் சேர்த்துக் காணும் வாய்ப்பைப் போர்களே அளித்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் வெயர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் ஆகிய மூவரும் நரம்புக் காயமுற்ற படைவீரர்களை ஆராய்ந்து 1864இல் ஒரு நூல் வெளியிட்டனர். மிட்செல் 1872இல் அதனை விரிவாக்கினார். நரம்புக் காயத்தின் பின்விளைவுகளை, குறிப்பாக எரிவலியை, நுட்பமாக விளக்கியவை இந்நூல்கள்.

முதல் உலகப்போர் இரு பங்களிப்புகளைத் தந்தது. முதலாவது, நரம்பு வளர்கிறதா என்பதைப் படுக்கையருகிலேயே அறியும் எளிய சோதனை. காயமுற்ற நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டினால், இளம் நரம்பிழைகள் எட்டியுள்ள இடத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும். அவ்விடம் வாரந்தோறும் கீழிறங்கினால் நரம்பு வளர்கிறது என்று பொருள். இதனைச் செர்மனியின் பால் ஹோஃப்மனும் பிரான்சின் ழூல் டினெலும் 1915ஆம் ஆண்டிலேயே, ஒருவரையொருவர் அறியாமல் வெளியிட்டனர். ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் மருத்துவர்கள் ஒரே ஆண்டில் ஒரே உண்மையைக் கண்டறிந்தனர். இச்சோதனை இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது.

இரண்டாவது, நரம்பு மீளாதபோது கையை மீட்கும் வழி. தொழிற்படும் தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த தசையின் நாணோடு இணைப்பதே தசைநாண் இடமாற்றம். ஆரை நரம்புச் செயலிழப்புக்கு இம்முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிராங்கே கையாண்டிருந்தார். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் இராபர்ட் ஜோன்ஸும் செர்மனியின் பெர்த்தசும் இதனை முறைப்படுத்தினர். நடு நரம்பும் அரந்தி நரம்பும் இயக்கும் தசைகளுள் சிலவற்றை மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் பணிக்கு மாற்றினர். நரம்பு மீளாவிடினும் கை முற்றிலும் வீணாகாது என்ற உறுதி இதனால் கிடைத்தது. காத்திருத்தலின் இடரை இவ்வுறுதி பெரிதும் குறைத்தது.

போர் மருத்துவத்தில் வளர்ந்த இவ்வறிவின் ஒரு கிளை தமிழகத்திலும் வேர்விட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட், 1948 முதல் தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாண் இடமாற்ற அறுவை செய்தார். அங்கு பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் அரந்தி நரம்பும் நடு நரம்பும். காரணம் முறிவன்று, நோய். ஆயினும் பிரிட்டனின் ஸ்டைல்சும் அமெரிக்காவின் பன்னெலும் வகுத்த முறைகளையே அவர் தம் பணிக்கேற்பத் திருத்தி அமைத்தார். நரம்பு மீளாத நிலையிலும் கையின் செயலை மீட்கலாம் என்ற அதே கொள்கை இங்கு வேறொரு நோய்க்கு மருந்தாயிற்று.

ஓர் அறிகுறி, மூன்று காயங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஹெர்பர்ட் செடன் 1943இல் வெளியிட்ட வகைப்பாடு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். நரம்புக் காயத்தை அவர் மூன்றாகப் பகுத்தார். முதல் வகையில் நரம்பிழை அறுவதில்லை. செய்தி கடத்தல் மட்டும் தற்காலிகமாகத் தடைப்படும். நாள்களிலோ வாரங்களிலோ மீளும். இரண்டாம் வகையில் நரம்பிழை அறும். ஆனால் அதனைச் சூழ்ந்த உறை காக்கப்படுவதால், புதிய இழை பழைய பாதையிலேயே வளர்ந்து உரிய தசையை அடையும். மூன்றாம் வகையில் நரம்பு முழுவதும் சிதைந்து பாதையே இல்லாமற்போகும், அறுவையின்றி மீட்சியில்லை. இவ்வகைகளுக்கான பெயர்களை வழங்கியவர் ஹென்றி கோகன் என்பதைச் செடனே குறிப்பிட்டுள்ளார். மெல்பர்னின் சிட்னி சண்டர்லாண்ட் 1951இல் இதனை ஐந்து படிகளாக விரித்தார்.

செடன், மெடவார், ஸ்மித் ஆகியோர் மனிதரில் நரம்பு வளரும் வேகத்தையும் 1943இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்பது மருத்துவர் இன்று கொள்ளும் எளிய அளவு. இதனால் காத்திருத்தல் கணக்கிடக்கூடிய ஒன்றாயிற்று. ஆரை நரம்பு முறிவிடத்துக்குக் கீழே முதலில் இயக்கும் தசைகளுள் ஒன்று மேற்கை ஆரைத்தசை. அது முறிவிடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், இரண்டாம் வகைக் காயத்தில் இழை அதனை அடைய ஏறத்தாழ 100 நாள்கள் ஆகும். வளர்ச்சி தொடங்குவதற்கான காலத்தையும் சேர்த்தால் நான்கு மாதங்கள். அதற்குள் அத்தசையில் அசைவோ மின்பதிவில் மாற்றமோ தோன்றாவிடின் மூன்றாம் வகை என்று ஐயுற இடமுண்டு. மூன்று அல்லது நான்கு மாதம் என மருத்துவர் குறிக்கும் கெடு இக்கணக்கோடு பொருந்துகிறது.

இவ்வாறு, லிஸ்டருக்கு முற்பட்ட மருத்துவர் அச்சத்தால் காத்திருக்க, செடனுக்குப் பிற்பட்ட மருத்துவர் கணக்கோடு காத்திருந்தார். முன்னதற்கு முடிவு இல்லை. பின்னதற்குக் கெடு உண்டு.

காத்திருப்பதா, திறப்பதா?

வகைப்பாடு தெளிவானபோதும் விவாதம் ஓயவில்லை. 1963இல் ஹோல்ஸ்டைனும் லூயிசும் எலும்பின் கீழ் மூன்றிலொரு பகுதியில் ஏற்படும் சுருள்வடிவ முறிவைத் தனித்துக் காட்டினர். தசையிடைத் தடுப்பை நரம்பு துளைக்கும் இடம் அதுவே. அங்கு நரம்பு எலும்பு முனைகளுக்கு இடையே சிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே தொடக்கத்திலேயே திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர். அவ்வகை முறிவு இன்றும் அவ்விருவர் பெயரால் வழங்குகிறது.

இதற்கு மறுதலையான கருத்தும் வலுப்பெற்றது. போலக்கும் உடனாய்வாளரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையின்றியே பெரும்பாலோர் மீண்டதைக் காட்டி, மாதக்கணக்கில் பொறுத்திருக்கலாம் என்றனர். எலும்பைச் சேர்க்கும் முறையில் நிகழ்ந்த மாற்றமும் இதற்குத் துணைநின்றது. மயாமியின் அகஸ்டோ சார்மியெண்டோ 1977இல் விளக்கிய முறையில், மேற்கையைச் சுற்றி ஓர் உறைக்கட்டு இட்டு, தோளையும் முழங்கையையும் இயங்கவிட்டே எலும்பைக் கூடச்செய்யலாம். 2000இல் அவர்தம் குழு வெளியிட்ட 922 நோயாளிகள் பற்றிய ஆய்வில், தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 620 பேரில் 11 விழுக்காட்டினருக்கு ஆரை நரம்புச் செயலிழப்பு இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீண்டனர்.

புறப்புண்ணோடு கூடிய முறிவுகளில் நிலைமை வேறு. ஃபாஸ்டர் குழுவினர் 1993இல் ஆராய்ந்த இத்தகைய 14 பேரில் 9 பேருக்கு நரம்பு அறுந்தோ எலும்பிடையே சிக்கியோ இருந்தது. ரிங், சின், ஜூபிட்டர் ஆகியோர் 2004இல் கடும் விபத்துகளால் முறிவுற்ற 24 பேரை ஆராய்ந்தனர். நரம்பு அறுந்திருந்த 6 பேரும் புறப்புண் கொண்டவர்களே. அறுந்ததை உடனே தைத்த நரம்புகள் மீளவில்லை என்பதும் அவர்தம் முடிவு. நரம்பின் அறுமுனை மட்டுமன்றி அதன் இருபுறமும் நெடுந்தொலைவு நசுங்கிப் போயிருப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எகிப்தியச் சுவடி வேறுபடுத்திய திறந்த முறிவும் மூடிய முறிவும் நரம்பைப் பொறுத்தவரையிலும் வெவ்வேறு நோய்களே என்பது இவற்றால் உறுதிப்படுகிறது.

எண்களை வாசிக்கும் முறை

சிதறிக்கிடந்த சிறு ஆய்வுகளைத் தொகுத்து ஷாவோ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4,517 தண்டு முறிவுகளில் 532இல், அதாவது 11.8 விழுக்காட்டில், ஆரை நரம்புச் செயலிழப்பு இருந்தது. எல்லா மருத்துவ முறைகளையும் சேர்த்து 88.1 விழுக்காட்டினர் மீண்டனர். அறுவையின்றித் தானே மீண்டோர் 70.7 விழுக்காடு. 2020இல் இலியாஸ் குழுவினர் வெளியிட்ட தொகுப்பில் 7,262 முறிவுகளில் 12.3 விழுக்காட்டில் நரம்புக் காயம் இருந்தது. தானே மீண்டோர் 77.2 விழுக்காடு, மூன்று வாரங்களுக்குள் திறந்து பார்க்கப்பட்டவர்களுள் மீண்டோர் 89.8 விழுக்காடு.

இறுதி எண்ணைக் கொண்டு உடனடி அறுவையே சிறந்தது என முடிவுசெய்வது எளிது. ஆயினும் ஒப்பிடப்படும் இரு குழுவினரும் ஒரே தன்மையினரா என்று நோக்க வேண்டும். தொடக்கத்திலேயே திறக்கப்பட்டவர்களுள், நரம்பு வெறுமனே நசுங்கி, தொடாமல் விட்டிருந்தாலும் மீண்டிருக்கக்கூடியவர்களும் அடங்குவர். அவர்களுடைய மீட்சியும் அறுவையின் வெற்றியாகவே கணக்கில் ஏறுகிறது. இதற்கு மாறாக, பல மாதங்கள் காத்திருந்து பின்னர் திறக்கப்படுபவர்கள், தானே மீண்டவர்களெல்லாம் விலகிய பின் எஞ்சியவர்கள். அவர்களிடம் வெற்றி குறைவதைத் தாமதத்தின் தீங்கு என்று மட்டும் கொள்ள இயலாது. காயத்தின் கடுமையும் அதில் கலந்துள்ளது.

இதே குறைபாடு போர்க்காலச் சான்றுகளிலும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் 3,656 நரம்புக் காயங்களைப் பற்றி வுட்ஹாலும் பீபியும் 1956இல் வெளியிட்ட பேராய்வு இத்துறையின் கருவூலம். எனினும் குண்டும் எறிகணைச் சில்லும் துளைத்த நரம்பு வேறு. மாடிப்படியில் வழுக்கி விழுந்தவரின் மூடிய முறிவில் நசுங்கிய நரம்பு வேறு. முன்னதிலிருந்து பெற்ற அறுவை ஆர்வத்தைப் பின்னதற்கு அப்படியே பொருத்தியதும், மூடிய முறிவுகளின் நற்பயனைக் கொண்டு எல்லா முறிவுகளிலும் பொறுத்திருக்கலாம் என்றதும் ஒரே பிழையின் இரு முகங்களே.

மெய்யான தீர்வு, நரம்பின் நிலையைத் திறக்காமலே காண்பதில் உள்ளது. 2001இல் போட்னர் குழுவினர், முறிவிடத்தில் ஆரை நரம்பு தொடர்ச்சியாக உள்ளதா, சிக்கியுள்ளதா என்பதை அல்ட்ராசவுண்ட் மூலம் காண இயலும் என்று காட்டினர். இக்கருவி பரவலானால், காத்திருப்பதா திறப்பதா என்னும் பொது வினா, இந்நோயாளியின் நரம்பு எந்நிலையில் உள்ளது என்னும் தனி வினாவாக மாறும். நரம்பு மீளாதவர்களுக்குத் தசைநாண் இடமாற்றத்தோடு, நடு நரம்பின் உபரிக் கிளைகளை ஆரை நரம்பின் கிளைகளோடு இணைக்கும் நரம்பு இடமாற்றமும் 21ஆம் நூற்றாண்டில் ஒரு வாய்ப்பாகச் சேர்ந்துள்ளது. அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் சூசன் மெக்கினன் குழுவினர் இதில் முன்னோடிகள்.

முடிவுரை

மேற்கை எலும்பு முறிவுசார் ஆரை நரம்புக் காயத்தின் வரலாறு, காணும் அறிகுறியிலிருந்து காணாத காயத்தை உய்த்துணரும் முயற்சியின் வரலாறாகும். பாசானியாசின் விரல்களை விட்டு அவர் கழுத்தை நோக்கிய காலன் முதல், தோலுக்கு அடியிலுள்ள நரம்பை ஒலியலையால் காணும் இன்றைய கதிரியலர் வரை இம்முயற்சி தொடர்கிறது.

காத்திருத்தல் இவ்வரலாற்றில் ஒரே பொருளில் வழங்கவில்லை. சீழ்ப்பிடிக்கும் அச்சத்தால் பிறந்த காத்திருத்தல், ஹைட்டன், வாலர், செடன் ஆகியோரின் ஆய்வுகளால் கெடுவும் அளவும் உடைய மருத்துவ முறையாக வளர்ந்தது. அக்காத்திருத்தல் வெறுமனே பொழுதுபோக்குவதன்று. விரல் மூட்டுகள் இறுகாமல் அசைத்தல், மணிக்கட்டைச் சிம்பால் தாங்குதல், தட்டிப் பார்த்தல், மின்பதிவு எடுத்தல் என ஒவ்வொரு வாரமும் அதில் பணி உண்டு.

மூடிய முறிவில் கெடுவோடு காத்திருப்பதும், புறப்புண் உள்ள முறிவில் திறந்து பார்ப்பதும் பெரும்பாலோர் ஏற்கும் வழிகளாக நிலைபெற்றுள்ளன. மூடிய முறிவுகளுள்ளும் நரம்பு சிக்கியிருக்கக்கூடியவரை முன்கூட்டியே பிரித்தறிவதே எஞ்சிய வினா. அதற்கு விடை தேடுவோர் மீட்சி விழுக்காட்டோடு, அவ்விழுக்காடு எவ்வகை நோயாளிகளிடமிருந்து திரட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே கருத வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.